ஏலத்தோட்டத்தில் கை உடைந்தால் எந்த மாநிலத்தில் போய்க் கேட்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் அம்மாவுக்கு 45 வயது, போடிப் பக்கத்துக் கிராமம். விடியுமுன் ஜீப் ஏறி, கேரளாவில் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கி வருபவர். நாள் கூலி 500 ரூபாய். மூன்று வாரத்துக்கு முன்பு மழை ஈரத்தில் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. தோட்டத்துக்காரர் ஜீப்காரரிடம் 3,000 ரூபாய் கொடுத்தனுப்பியதோடு சரி. கேரளாவில் நடந்த விபத்துக்குத் தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா, தோட்டத்துக்காரரிடம் இதற்கு மேல் கேட்க உரிமை உண்டா, தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த நாட்களில் அம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி வருவதையும் சேர்த்துக் கேட்கலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆஸ்பத்திரியில் 'வீட்டில் விழுந்துவிட்டார்' என்று சொன்னோம், ஜீப்காரர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று. உங்கள் கேள்வியின் முடிச்சு அந்த வரியில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மருத்துவர். மலையடிவாரத்து ஊர்களில் அவசர சிகிச்சைப் பிரிவில் 14 வருடம் வேலை பார்த்தவள். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் காயத்தைப் பார்த்த டாக்டர் என்ற முறையில் இழப்பீட்டு வழக்குகளில் சாட்சி சொல்லப் பலமுறை போய் நின்றிருக்கிறேன். அங்கே எது எடுபடும், எது கவிழும் என்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உடம்பைப் பற்றிச் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பல வருடத்துக்கு முன்பு ஒரு ஆகஸ்ட் மாத இரவு, ஏழரை மணி இருக்கும். ஒரு பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாளை அவிழ்க்கக்கூட நேரம் இருந்திருக்கவில்லை. தலையில் நனைந்த துண்டு. விரல் நுனியெல்லாம் ஏலக்காய்ப் பிசுக்கு கறுத்துப்போய், கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு கவிழ்த்த கரண்டி மாதிரி வளைந்திருந்தது. "எப்படிம்மா விழுந்தே?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்குமுன் கூட வந்தவர், "வீட்டு வாசப்படியில வழுக்கிருச்சு மேடம்" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டினார். நானும் அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசப்படியில் விழுந்தவருக்கு அட்டைக்கடி எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

நாலு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். கை மடங்கவில்லை, காய் பறிக்க முடியவில்லை, ஜீப்பில் இடம் போய்விட்டது. யாரோ இழப்பீடு கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று வந்திருந்தார். பதிவேட்டைப் புரட்டினால் என் கையெழுத்திலேயே 'வீட்டில்' என்று இருந்தது. அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கூட வந்தவரை ஓ.பி. சீட்டு வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, அப்புறம்தான் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பது.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பல ஊர்களில் ஜீப் ஓட்டுபவர்தான் ஆள் பிடிப்பவரும். அவரைப் பகைத்தால் நாளைக்கு ஜீப்பில் இடம் இல்லை. ஜீப்பில் இடம் இல்லையென்றால் மலையில் வேலை இல்லை. 'கேரளா கேஸ் என்று சொன்னால் இங்கே பார்க்க மாட்டார்கள், போலீஸ் வரும்' என்று ஒரு பயத்தையும் கிளப்பி வைத்திருக்கிறார்கள். அது தவறு. விபத்து எங்கே நடந்தது என்று பார்த்து எந்த அரசு ஆஸ்பத்திரியும் வைத்தியத்தை மறுக்க முடியாது. போலீசுக்குத் தகவல் போவது உண்மைதான். ஆனால் அந்தத் தகவல் உங்கள் அம்மாவுக்கு எதிராகப் போவதில்லை, பின்னால் அவருக்குச் சாட்சியாகத்தான் நிற்கும்.

இப்போது என்ன செய்வது? பதிவேட்டில் எழுதியதை அடித்துத் திருத்த முடியாது. திருத்தச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம், அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். அடுத்த முறை எலும்பு மருத்துவரிடம் மறுபரிசோதனைக்குப் போகும்போது அம்மாவே தன் வாயால், இந்தத் தேதியில் இந்தத் தோட்டத்தில் காய் எடுக்கும்போது விழுந்தேன், பயத்தில் அன்றைக்கு மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லட்டும். நோயாளி சொல்வதை எழுதிக்கொள்வது டாக்டரின் வேலை. அந்தக் குறிப்பு உள்ள சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முதல் நாள் ஏ.ஆர். காப்பியையும், அதாவது விபத்துப் பதிவேட்டு நகலையும், கேட்டு வாங்குங்கள். அதில் நேரம் இருக்கும், சில சமயம் 'உடை ஈரம், சேறு' என்று ஏதாவது குறிப்பும் இருக்கும். அதெல்லாம் வீட்டு வாசலுக்குப் பொருந்தாது.

அப்புறம், அன்றைக்குக் கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பெண்களின் பெயர், தோட்டத்தின் பெயர், கணக்குப் பார்ப்பவர் நோட்டில் வருகை போட்ட நாள், கூலி போனில் வந்திருந்தால் அந்த விவரம், 3,000 ரூபாயை யார் கொடுத்தார் என்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் இப்போதே எழுதி வையுங்கள். மூன்று வாரத்தில் நினைவு இருக்கும், ஒரு வருடத்தில் இருக்காது. தோட்டத்துக்காரருக்கு விபத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். சண்டை போடும் கடிதமாக இருக்க வேண்டாம். இந்த நாளில் உங்கள் தோட்டத்தில் வேலையின்போது விழுந்து காயம் பட்டது, சிகிச்சையில் இருக்கிறார், அவ்வளவு போதும்.

காப்பீட்டு அட்டை விஷயம் எளிது. முதல்வர் காப்பீடு குடும்ப அட்டையையும் வருமானத்தையும் பார்க்கிறது, விபத்து நடந்த ஊரைப் பார்ப்பதில்லை. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாவுக்கட்டோடு சரியாகிற முறிவுக்கு அட்டையே தேவையில்லை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். தகடு வைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் சேரும்போது அட்டை பயன்படும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். எந்தக் காப்பீட்டு அட்டையும் போகவர ஜீப் செலவையும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் தராது. ஏழைக் குடும்பத்தை உடைப்பது பெரும்பாலும் அந்த இரண்டுதான். நீங்கள் தோட்டத்துக்காரரிடம் கேட்க வேண்டியதும் அதனால்தான்.

இங்கே ஒரு சின்ன விலகல். அதே தோட்டங்களில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, தங்கி வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்காவது சாயங்காலம் இறங்கி வர ஒரு ஊரும், தமிழ் பேசும் ஆஸ்பத்திரியும் உண்டு. அவர்களுக்கு வலி எங்கே என்று சொல்லவே ஆள் வேண்டும். கேரள அரசு 2017இல் 'ஆவாஸ்' என்று வெளிமாநிலத் தொழிலாளருக்கான காப்பீடு கொண்டுவந்தது. தொடக்கத்தில் சிகிச்சைக்கு 15,000 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம் என்று வைத்தார்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் அட்டை சொந்த ஊரில் எடுத்திருந்தால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் எந்த மாநிலத்திலும் செல்லும். ஆனால் அது உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். ஒரு ஊசிக்கும் எக்ஸ்ரேவுக்கும் அது உதவாது. தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருப்பதற்கு உரிய அதிகாரியிடம் சான்று வாங்கினால் வெளிமாநிலத்தவரும் முதல்வர் காப்பீட்டில் சேரலாம் என்று விதி இருக்கிறது. அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு வந்த ஒருவரைக்கூட நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

சரி, உரிமைக்கு வருவோம். வேலையில் காயம்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் 1923இலேயே வந்துவிட்டது. யாருக்கெல்லாம் பொருந்தும் என்று அதன் பட்டியலில் ஏலம், சின்கோனா, காப்பி, ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர் என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறது. 'தினக்கூலிதானே, நிரந்தர ஆள் இல்லையே' என்பார்கள். தற்காலிக ஆட்களை விலக்கிவைத்த வாசகத்தை 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். 'பார்த்து நடக்காதது அவள் தப்பு' என்பார்கள். கவனக்குறைவு என்பது இந்தச் சட்டத்தில் முதலாளியைக் காப்பாற்றாது. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபித்தால்தான் பேச்சு, அதுவும் மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது. 'நான் ஜீப்காரரிடம் ஆள் கேட்டேன், அவர்தான் பொறுப்பு' என்பார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆளுக்கும் வேலை வாங்கிய முதலாளிதான் முதலில் தர வேண்டும். பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

தொகையைத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 24 நாள் வேலை என்றால் 12,000 ரூபாய். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாதக் கூலியில் 25 சதவீதம், 15 நாளுக்கு ஒருமுறை தர வேண்டும்; அதாவது 3,000 ரூபாய். கவனித்தீர்களா, தோட்டத்துக்காரர் பெரிய மனதோடு கொடுத்தனுப்பியது சட்டப்படி வெறும் 15 நாள் பாக்கிதான். இதற்கு மேல், பில்லோடு காட்டும் வைத்தியச் செலவு முழுவதும் தனி. கை குணமான பிறகும் குறை நின்றுவிட்டால் நிரந்தர இழப்பீடு வேறு. உதாரணத்துக்கு, சம்பாதிக்கும் திறனில் 10 சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் மதிப்பிட்டால்: 12,000இல் 60 சதவீதம் 7,200, சட்டத்தின் அட்டவணையில் 45 வயதுக்கு உரிய எண் 169.44; இரண்டையும் பெருக்கி அதில் 10 சதவீதம் எடுத்தால் ஏறத்தாழ 1,22,000 ரூபாய். உங்கள் அம்மாவுக்கு 10 சதவீதம் வரும் என்று நான் சொல்லவில்லை. கை நன்றாக அசைந்தால் ஒன்றுமே வராமலும் போகலாம். போக வேண்டும் என்றுதான் டாக்டராக நான் ஆசைப்படுவேன்.

ஜீப்காரர் இன்னொரு தடவை வந்து, 'பத்தாயிரம் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடு' என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டக்கூடும். பணத்தை வாங்கலாம், தப்பில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923 சட்டத்திலேயே உண்டு. பெண் தொழிலாளிக்கு மொத்தத் தொகையாகத் தரும் இழப்பீட்டை, இந்த வழக்குகளை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையரின் அலுவலகத்தில் கட்டித்தான் தர வேண்டும், நேராகக் கையில் கொடுத்தது கணக்கில் வராது என்றும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு எழுதியவர்கள் இந்தத் தாளை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

எங்கே மனுப் போடுவது? விபத்து நடந்த இடத்திலும் போடலாம், தொழிலாளி வழக்கமாகக் குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையரிடமும் போடலாம். ஆகவே மலை ஏறி இடுக்கிக்கு அலைய வேண்டியதில்லை, தமிழ்நாட்டிலேயே நடத்தலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். ஒரு எச்சரிக்கை: 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 1923 சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அடிப்படை அதேதான், ஆனால் பிரிவு எண்ணும் படிவமும் மாறும். மனுவை நீங்களே எழுதாமல் வக்கீலை எழுதச் சொல்வது இதற்காகத்தான். பழைய சட்டத்தில் இரண்டு வருடக் கெடு இருந்தது; அதை நம்பி உட்காராமல் இந்த மாதமே தொடங்குங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குத் தயக்கம் இல்லை. இனி வருவது தகராறுக்கு இடமுள்ள பகுதி. தோட்டத்தில் ஆஸ்பத்திரி வசதி, குடியிருப்பு எல்லாம் கேட்கிற 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான் தோட்டத்தைத் தொட்டது. ஏலத்தில் சிறு தோட்டங்கள்தான் ஏராளம், அதனால் பலர் அதற்கு வெளியேதான் இருந்தார்கள். தினமும் எல்லை தாண்டிப் போய்வருபவர் 'புலம்பெயர் தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவாரா என்பதிலும் வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடுவார்கள். அவர் அங்கே தங்குவதில்லை, இங்கே வேலை செய்வதில்லை. எல்லையில் எது நடந்தாலும் முதலில் நிற்பது இந்த ஜீப்புகள்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது நின்றன, 2020 கொரோனாவில் நின்றன. ஆனால் இழப்பீட்டுக்கு நீங்கள் புலம்பெயர் தொழிலாளி என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. அந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், வேலையில் விழுந்தார் என்ற இரண்டு போதும். உங்களுக்கு இருக்கிற உண்மையான சிக்கல் அந்த முதல் நாள் பதிவு ஒன்றுதான். அதைச் சாட்சிகளால் தாண்ட முடிந்த வழக்கையும் பார்த்திருக்கிறேன், முடியாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். வழக்கு முடியச் சில வருடம் ஆகலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

விழுந்தது தோட்டத்தில் என்பதால் இது உங்களுக்குத் தேவைப்படாது, ஆனாலும் தினமும் போடிமெட்டு வளைவுகளில் ஏறுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஜீப் கவிழ்ந்தால் அது வேலை விபத்தா, சாலை விபத்தா? வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும், நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தினால், வேலை விபத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. அது சர்க்கரை ஆலைக்கு அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பிய ஒரு காவலாளியின் வழக்கு. 2003இல் இறந்தார், குடும்பத்துக்குத் தீர்ப்பு வர 22 வருடம் ஆனது. மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் மனு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஜீப்பில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அந்த எண்ணிக்கைக்கு மட்டும்தான் பொறுப்பேற்கும். பாக்கியை ஜீப் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும், அவரிடம் இருப்பது பெரும்பாலும் அந்த ஜீப் மட்டும்தான். தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர வைத்தியம் எந்த ஊர்க்காரருக்கும் இலவசம், ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். அதனால் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முதலிலேயே சரியாகச் சொல்வது முக்கியம்.

வழக்கை விட எனக்கு அவசரமாகப் படுவது அம்மாவின் விரல்கள். மாவுக்கட்டு மணிக்கட்டுக்குத்தான், விரலுக்கு இல்லை. கட்டுப் போட்ட முதல் நாளிலிருந்தே ஐந்து விரலையும் முழுவதும் மடக்கி விரிக்க வேண்டும், மணிக்கு ஒருமுறையாவது. தோளையும் முழங்கையையும் தூக்கி அசைக்க வேண்டும். 'அசைத்தால் எலும்பு விலகிவிடும்' என்று பயந்து கையைத் தொட்டில் போட்டு மார்போடு அணைத்தே வைத்திருப்பார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் எலும்பு கூடியிருக்கும், விரல் மரக்கட்டையாக நிற்கும். ஏலக்காய்ச் சரம் செடியின் அடியில் தரையோடு கிடக்கும். குனிந்து உட்கார்ந்து, பழுத்த காயை மட்டும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெருடிப் பறிக்க வேண்டும். அந்த நெருடல் போனால் வேலையே போயிற்று. விரல் நீலம் பாய்ந்தாலோ, கட்டு தாங்க முடியாமல் இறுக்கினாலோ, கட்டைவிரல் பக்கம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடுவில் கட்டைப் பிரித்துவிட்டுப் புத்தூர்க் கட்டுக்குப் போகலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம். கை திருகிக் கூடிய முறிவுகளில் பாதிக் கதை அங்கேதான் தொடங்குகிறது. கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபிக்கு எழுதிக் கேளுங்கள், அது அரசு ஆஸ்பத்திரியிலேயே உண்டு. ஊனச் சதவீதம் இப்போது கேட்டு வாங்க வேண்டாம். பயிற்சியெல்லாம் முடிந்து, கை இனி இதற்கு மேல் மாறாது என்ற நிலை வர ஆறு மாதமாவது ஆகும், அப்போது மதிப்பிடுவதுதான் சரி. இன்னொன்று, நின்ற உயரத்திலிருந்து விழுந்தே 45 வயதில் எலும்பு முறிந்தது என்றால், மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேட்டு எலும்பின் பலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்தடிப்பு. ஏலத்துக்கு இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் விடாத தொல்லை, அதனால் வருடம் முழுவதும் சுற்றுச் சுற்றாக அடிப்பார்கள். அடிப்பது பெரும்பாலும் ஆண்கள். அடித்த ஈரம் காயுமுன் கையுறை இல்லாமல் செடிக்குள் உட்காருவது பெண்கள். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து தோல் வழியாகவே உள்ளே போகும். வியர்த்துக் கொட்டுவது, வாயில் உமிழ்நீர் ஊறுவது, கண்ணில் நீர் வடிந்து பார்வை மங்குவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, தசை துடிப்பது, வயிற்றுப்போக்கு. இவை சேர்ந்து வந்தால் அது விஷம்தான், உடனே ஆஸ்பத்திரி. சில வகைகளில் தேறிவிட்டது போல் இருந்து இரண்டு மூன்று நாளில் கழுத்தும் மூச்சுத் தசையும் தளரும், அதனால்தான் உடனே வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துப் பார்க்கிறோம். ஆனால் வெறும் தலைசுற்றலும் வாந்தியும் மட்டும் என்றால் என்னால் உறுதி சொல்ல முடியாது. வெறும் வயிற்றோடு நாலரை மணிக்குக் கிளம்பி, ஜீப்பின் பின்னால் நசுங்கி உட்கார்ந்து அந்த வளைவுகளில் ஏறினால் எனக்கே வாந்தி வரும். கூட வேலை செய்த மற்றவர்களுக்கும் அன்றைக்கே வந்ததா, மருந்தடிக்காத நாளில் வருகிறதா என்று ஒரு மாதம் தேதி போட்டு எழுதிப் பாருங்கள். நஞ்சு ஏறியதைக் காட்ட ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற பரிசோதனை உண்டு. அன்றோ மறுநாளோ எடுத்தால் பயன், மாதக்கணக்கில் தள்ளி எடுத்தால் பெரும்பாலும் பயன் இல்லை. வருடக்கணக்காகச் சிறுகச் சிறுகப் படுவதால் நரம்புக்குக் கெடுதல் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் இன்னாருடைய நோய் இன்ன தோட்டத்து மருந்தால்தான் என்று ஒரு தனி ஆளுக்கு நிரூபிப்பது மிகக் கடினம். அதனால் இதைக் கை வழக்கோடு சேர்க்க வேண்டாம், அந்த வழக்கும் பலவீனமாகும்.

அடுத்த முறை உடம்பு முடியாமல் போனால், மருந்து டப்பாவின் லேபிளை யாராவது போனில் படம் எடுத்து வரட்டும். அதில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை. மாற்றுமருந்து என்ன என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கும். 'ஏதோ மருந்து' என்று வருபவருக்கும் லேபிளோடு வருபவருக்கும் சிகிச்சை தொடங்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம். நனைந்த துணியோடு ஜீப் ஏறாமல், இறங்குமுன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி மாற்றுச் சேலை கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கழுவத் தண்ணீரும் மாற்ற மறைவும் தோட்டத்துக்காரர் தர வேண்டும். இதைக் கேட்பதற்கு வழக்குப் போட வேண்டியதில்லை, நாலு பெண்கள் சேர்ந்து கேட்டாலே போதும். கிடைத்த தோட்டங்கள் உண்டு.

கேட்காத ஒன்று. ஏலக்காட்டில் பாம்பு கடித்தால் எந்தப் பாம்பு என்று தெரிவது அங்கே கூடுதல் முக்கியம். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்குத்தான். மேற்கு மலையின் ஈரக் காடுகளில் இருக்கும் குழிவிரியன் வகைகளுக்கு அது வேலை செய்வதில்லை, அதில் ஒரு வகை சிறுநீரகத்தையே கெடுக்கும். பாம்பைத் துரத்திப் போக வேண்டாம். தூரத்திலிருந்து படம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் மலையில் நடந்தது என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். இங்கேயும் 'வீட்டுத் தோட்டத்தில் கடித்தது' என்று யாராவது சொல்லிவைத்தால், நாங்கள் வேறு பாம்பை நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம்.

மறுபரிசோதனைக்கு என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது அடுத்த வாரமாக இருந்தால், ஏ.ஆர். காப்பிக்கான மனுவையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், இரண்டு நாள் அலைச்சல் மிச்சம். ஜீப்காரரைத் துணைக்குக் கூட்டிப்போக வேண்டாம். நீங்களே போங்கள்.